முடிச்சுக் கோட்பாட்டு ஆராய்ச்சிக்குக் கணினி இயற்கணிதம்: எதைக் கேட்பது, எந்த விடையை நம்புவது

5_1 என்ற முடிச்சையும் 10_132 என்ற முடிச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள் (முடிச்சு என்றால் இங்கே முனைகளை ஒட்டி மூடிய கயிறு; பெயரில் முதல் எண் கிராசிங் எண்ணிக்கை, அடுத்தது அட்டவணையில் வரிசை எண்). முதலாவதில் ஐந்து கிராசிங் (படத்தில் ஓர் இழை இன்னோர் இழையின் மேல் கடக்கும் இடம்), இரண்டாவதில் பத்து. கணினியிடம் இரண்டுக்கும் அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை (முடிச்சின் படத்திலிருந்து கணக்கிடும் ஒரு கோவை) கேட்டால் 1, −1, 1, −1, 1 என்று அதே கெழு வரிசைதான் வரும். சரி, ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவையாவது பிரித்துக் காட்டுமா என்று பார்த்தால், கண்ணாடிப் பிம்பத்தைப் பொருத்தமாக எடுத்துக்கொண்டால் அதுவும் ஒன்றேதான். ஜோன்ஸைவிட நுணுக்கமான கோவனோவ் ஹோமாலஜி வரை போனாலும் பிரியாது. அப்புறம் ஸ்னாப்பை என்ற மென்பொருளைத் திறந்து ஹைபர்போலிக் கன அளவு (முடிச்சைச் சுற்றியுள்ள வெளியை ஹைபர்போலிக் வடிவியலில் அளந்தால் வரும் கன அளவு) கேட்டால் ஒரு நொடிகூட ஆகாது: 10_132க்கு 4.0568 சொச்சம் வருகிறது, 5_1 ஒரு டோரஸ் முடிச்சு (வளைய வடிவ மேற்பரப்பின் மேல் சுற்றி வரும் முடிச்சு) என்பதால் அதற்கு அந்த வடிவியலே கிடையாது. கதை முடிந்தது.

இந்த ஓர் உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மென்பொருளோடு பாதிச் சண்டை குறையும். முடிச்சை எப்படி இழுத்தாலும் முறுக்கினாலும் மாறாத கணக்கைத்தான் இன்வேரியண்ட் என்கிறோம். அது இரண்டு முடிச்சுகளுக்கு வேறு வேறாக வந்தால் முடிச்சுகள் வேறு என்பது நிரூபணம், ஆனால் அது நீங்கள் உள்ளே கொடுத்தது சரியாக இருந்தால் மட்டும். ஒன்றாக வந்தாலோ எதுவுமே நிரூபணம் ஆகவில்லை. புதிதாக வருபவர்கள் அதிக நேரத்தைக் கட்டளைகளைக் கற்பதில் செலவழிக்கிறார்கள், அது ஒரு வாரத்தில் வந்துவிடும். உண்மையான வேலை எல்லாம் உள்ளீட்டைச் சரிபார்ப்பதிலும், வந்த விடை எந்த மரபில் (குறி, மாறி, வலம்-இடம் இவற்றுக்கான ஏற்பாட்டில்) வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலும்தான் கிடக்கிறது.

எதை நிறுவிக்கொள்வது

சேஜ்மேத் போதும், அதோடு ஸ்னாப்பை. இந்த இரண்டையும் வைத்தே முனைவர் பட்ட அளவு வேலை வரை ஓட்டிவிடலாம். சேஜ்மேத் 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிவைத்த இலவச, திறந்த மூல மென்பொருள். பைத்தான் மொழியில் பேசும், உள்ளே கேப், சிங்குலர், பாரி என்று குலங்களுக்கும் பல்லுறுப்புக்கோவைகளுக்கும் எண் கோட்பாட்டுக்கும் தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. ஸ்னாப்பை, ஜெஃப் வீக்ஸ் எழுதிய ஸ்னாப்பீ நிரலின் மையப் பகுதியை எடுத்து மார்க் கல்லர், நேதன் டன்ஃபீல்ட், மத்தியாஸ் கோர்னர் ஆகியோர் பைத்தானில் வளர்த்தது. இதைச் சேஜின் உள்ளேயே பிப் கட்டளையால் நிறுவுங்கள், தனியாக வெறும் பைத்தானில் நிறுவினால் பாதி வசதிகள் (குறிப்பாகச் சரிபார்க்கப்பட்ட கணக்குகள்) கிடைக்காது.

விண்டோஸ் மடிக்கணினி என்றால் சேஜுக்கு லினக்ஸ் துணை அமைப்பு, அதாவது டபிள்யூஎஸ்எல், போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் முதல் சில நாள்களுக்கு உலாவியிலேயே சேஜ்செல்லில் தட்டிப் பாருங்கள். மேத்தமெட்டிகா உரிமம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் டிரோர் பார்-நாட்டன் தொடங்கிய நாட்தியரி தொகுப்பும் கிடைக்கும், நல்ல தொகுப்பு. ஆனால் உரிமம் இல்லாத ஒருவர் உங்கள் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாதே என்பதால் நான் அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். முக்கோணமாக்கல், நார்மல் பரப்புகள் என்று முப்பரிமாண மேனிஃபோல்டு (முப்பரிமாண வெளிகள்) பக்கம் போனால் பெஞ்சமின் பர்ட்டனின் ரெஜினா தேவைப்படும்.

கட்டளைகளின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். முடிச்சை ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து டேப் விசையைத் தட்டினால் அதை என்னவெல்லாம் கேட்கலாம் என்று பட்டியல் விழும். கட்டளைக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும். அந்த விளக்கத்தில் மரபு பற்றி இருக்கும் நாலு வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், அதைத்தான் படிக்க வேண்டும்.

முடிச்சை உள்ளே கொடுப்பது

பெயரால் கொடுப்பது சுலபம்: சேஜில் ரோல்ஃப்சன் அட்டவணையிலிருந்து 4_1ஐயோ 9_46ஐயோ எண்ணைச் சொல்லி எடுக்கலாம், ஸ்னாப்பையும் பெயரைப் புரிந்துகொள்ளும். ஆனால் பெயருக்குள்ளேயே பொறி இருக்கிறது. பத்துக் கிராசிங் முடிச்சுகள் 166 என்று வெகுகாலம் பட்டியலில் இருந்தது. 10_161ம் 10_162ம் ஒரே முடிச்சுதான் என்று 1970களில் கென்னத் பெர்க்கோ காட்டிய பிறகு அது 165 ஆயிற்று. அதன் பின் சில அட்டவணைகள் 10_163 முதல் உள்ளவற்றை ஒரு எண் கீழே இறக்கிவிட்டன, சில பழைய எண்ணையே வைத்திருக்கின்றன. ஆகவே ஒருவர் "10_164" என்று எழுதினால் எந்த 164 என்று கேட்காமல் மேலே போகாதீர்கள். கட்டுரையில் பெயரோடு ஒரு குறியீட்டையும் சேர்த்து எழுதுவதுதான் பிழைக்க வழி.

குறியீடுகளில் மூன்று அடிக்கடி வரும். பின்னல் சொல் என்பது எந்த இழை எதன் மேல் போகிறது என்று எண்களாக எழுதுவது: 1, 1, 1 என்றால் இரண்டு இழைகளை மூன்று முறை முறுக்கி முனைகளை மூடுவது, மூன்று கிராசிங் உள்ள டிரெஃபாயில் என்ற முடிச்சு வரும். 1, −2, 1, −2 என்றால் மூன்று இழைகள், எட்டு வடிவ முடிச்சு வரும். இரண்டாவது டவ்க்கர்-திசில்வெயிட் குறியீடு, சுருக்கமானது, டிரெஃபாயிலுக்கு 4 6 2, எட்டு வடிவத்துக்கு 4 6 8 2. பெரிய பட்டியல்களைச் சேமிக்க இதுதான் வசதி. ஆனால் இது முடிச்சையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் பிரிக்காது, இரண்டு முடிச்சுகளை ஒட்டவைத்த கூட்டு முடிச்சுகளில் இன்னும் மோசம். டிரெஃபாயிலோடு அதே டிரெஃபாயிலை ஒட்டினால் ஒன்று, அதன் பிம்பத்தை ஒட்டினால் வேறொன்று. இரண்டுக்கும் அலெக்சாண்டர் ஒன்றே, அடிப்படைக் குலம்கூட ஒன்றே. சிக்னேச்சர் (முடிச்சுக்குக் கிடைக்கும் ஒரு முழு எண் இன்வேரியண்ட்) கேட்டால் ஒன்றுக்கு 4 அல்லது −4, மற்றதற்கு 0.

மூன்றாவது பிடி குறியீடு. படத்தில் ஒவ்வொரு வளைவுத் துண்டுக்கும் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொரு கிராசிங்கிலும் அடியில் நுழையும் துண்டில் தொடங்கி இடஞ்சுழியாக நாலு எண்களை எழுதுவது. நீளமானது, ஆனால் பிம்பம் உட்பட எல்லாத் தகவலும் அதில் இருக்கும் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். கையால் எழுதியதும் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: கிராசிங் பத்து என்றால் 1 முதல் 20 வரை ஒவ்வொரு எண்ணும் சரியாக இரண்டு முறை வந்திருக்க வேண்டும். இதை இரண்டு வரி நிரலில் எழுதி எல்லா உள்ளீட்டுக்கும் ஓட்டலாம்.

கையால் எழுதவே வேண்டாம் என்றால் ஸ்னாப்பையில் முடிச்சுப் பெயர் தராமல் மேனிஃபோல்டு கட்டளையை வெறுமனே கொடுத்தால் வரைவதற்கு ஒரு சாளரம் திறக்கும். சொடுக்கிச் சொடுக்கி முடிச்சை வரைந்து, கிராசிங்கின் மேல் சொடுக்கினால் மேல்-கீழ் மாறும். வரைந்து முடித்து அங்கிருந்தே பிடி குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் கிறுக்கிய படத்தை ஆராய்ச்சிக்குக் கொண்டுவர இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அலெக்சாண்டர்: கையால் சரிபார்க்கக்கூடிய இடம்

1928இல் வந்த பல்லுறுப்புக்கோவை என்று இதைக் குறைத்து எடைபோட வேண்டாம். இது ஓர் அணிக்கோவை, அதனால் நூற்றுக்கணக்கான கிராசிங் இருந்தாலும் கணினி திணறாது, அதோடு ஒவ்வொரு படியையும் நீங்களே பார்க்கலாம். மாறியை த என்று வைத்துக்கொள்வோம். பின்னலிலிருந்து போகும் வழியில் புராவ் அணி, அதாவது பின்னல் சொல்லுக்கு ஒத்த அணி, வரும். இரண்டு இழைப் பின்னலுக்குக் குறுக்கிய புராவ் அணி வெறும் −த என்ற ஒற்றை உறுப்பு. மூன்று முறை முறுக்கினால் −த³. அடையாள அணியிலிருந்து கழித்தால் 1 + த³. அதை (1 − த)ஆல் பெருக்கி (1 − த²)ஆல் வகுத்தால், அதாவது 1 + தஆல் வகுத்தால், 1 − த + த². டிரெஃபாயிலின் அலெக்சாண்டர் அதுதான். இதைத் தாளில் போட்டுவிட்டு அதே 1, 1, 1 பின்னலைச் சேஜுக்குக் கொடுத்து ஒப்பிடுங்கள், மென்பொருள் எந்த வடிவில் விடை தருகிறது என்பதும் தெரிந்துவிடும். சில இடங்களில் எதிர்மறை அடுக்குகளோடு சமச்சீராக வரும், சில இடங்களில் முழுவதும் குறி மாறி வரும். அலெக்சாண்டர் பல்லுறுப்புக்கோவை குறியும் தவின் அடுக்கும் போக மீதி மட்டுமே பொருள் உள்ளது என்பதால், ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு சிறு செயல்கூறு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே விடையைக் கணினி இரண்டு விடை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழி சீஃபர்ட் அணி, முடிச்சை விளிம்பாகக் கொண்ட ஒரு பரப்பிலிருந்து வரும் முழு எண் அணி. இங்கேதான் கணினி இயற்கணிதம் உண்மையிலேயே உதவுகிறது, இரண்டுக்கு இரண்டு அணிகளிலேயே அதைப் பார்த்துவிடலாம். 6_1 முடிச்சுக்கு ஒரு சீஃபர்ட் அணி: முதல் வரி −1, 1, இரண்டாம் வரி 0, 2. 9_46க்கு ஒன்று: முதல் வரி 0, 2, இரண்டாம் வரி 1, 0. அணியிலிருந்து அதன் இடமாற்று அணியின் த மடங்கைக் கழித்து அணிக்கோவை எடுங்கள். குறியை விட்டுவிட்டால் இரண்டுக்கும் 2த² − 5த + 2. ஆக அலெக்சாண்டர் இங்கே கைவிரித்துவிட்டது.

ஆனால் அணியே நம் கையில் இருக்கிறதே. இப்போது அணியையும் அதன் இடமாற்றையும் கூட்டுங்கள். 6_1க்கு வருவது −2, 1 / 1, 4. 9_46க்கு வருவது 0, 3 / 3, 0. இரண்டின் அணிக்கோவையும் −9, அதாவது குறியை விட்டால் இரண்டு முடிச்சுக்கும் டிட்டர்மினண்ட் 9. சேஜில் ஸ்மித் வடிவம் (முழு எண் அணியை மூலைவிட்ட அணியாகச் சுருக்கியது) கேட்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வருகிறது: முதலாவதற்கு 1, 9, இரண்டாவதற்கு 3, 3. ஒன்றில் 9 வரிசையுள்ள சுழல் குலம், மற்றதில் 3 வரிசையுள்ள இரண்டு சுழல் குலங்கள். முடிச்சுகள் வேறு. இதன் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மூவண்ணத் தீட்டலை (ஒவ்வொரு கிராசிங்கிலும் ஒரே நிறமோ மூன்று நிறமுமோ வரும்படி படத்துக்கு வண்ணமிடுவதை) எண்ணுங்கள், 6_1க்கு 9 வழி, 9_46க்கு 27 வழி. பல்லுறுப்புக்கோவை ஒரு சுருக்கம்தான், அதற்குப் பின்னால் இருக்கும் அணியில் எப்போதும் அதைவிட அதிகத் தகவல் இருக்கும். கோவை பிரிக்கவில்லை என்றால் ஒரு படி பின்னால் போய் அணியைக் கேளுங்கள்.

இரண்டு படத்திலிருந்து வந்த சீஃபர்ட் அணிகளை நேரடியாக ஒப்பிட வேண்டாம். ஒரே முடிச்சுக்குப் படத்துக்குப் படம் அணியின் அளவே மாறும்.

காரணிப்படுத்தலும் சும்மா வரும் பரிசு. 2த² − 5த + 2 = (2த − 1)(த − 2). ஒரு காரணியில் த இருக்கும் இடத்தில் 1/த போட்டு அடுக்கைச் சரிசெய்தால் மற்றது வருகிறது. ஃபாக்ஸ்-மில்னர் நிபந்தனைப்படி ஸ்லைஸ் முடிச்சு (நாற்பரிமாணப் பந்துக்குள் ஒரு வட்டத் தகட்டின் விளிம்பாக வரக்கூடியது) எதற்கும் இப்படித்தான் பிரிய வேண்டும், 6_1ம் 9_46ம் ஸ்லைஸ்தான். எட்டு வடிவ முடிச்சின் 1 − 3த + த² முழு எண்களில் காரணிப்படாது, டிட்டர்மினண்ட் 5 ஒரு வர்க்க எண்ணும் இல்லை, ஆகவே அது ஸ்லைஸ் அல்ல. ஒரே ஒரு கட்டளையில் ஒரு தேற்றம்! மறுதலை மட்டும் நடக்காது. பதினோரு கிராசிங் உள்ள கான்வே முடிச்சின் அலெக்சாண்டர் வெறும் 1, நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது, ஆனால் தகடு மென்மையாக (ஸ்மூத்) இருக்க வேண்டும் என்ற பொருளில் அது ஸ்லைஸ் இல்லை.

வேகம் பற்றி ஒன்று. தவைக் குறியீட்டு மாறியாக வைத்து அணிக்கோவை கேட்டால் இருபதுக்கு இருபதிலேயே சேஜ் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், விடையும் சுருக்கப்படாத மூட்டையாக வரும். முதலில் முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையத்தை அறிவித்து, அணியை அந்த வளையத்தின் மேல் கட்டுங்கள். அதே கணக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். இன்னொரு எரிச்சல்: சேஜ் திரையில் 2^3 என்றால் 8. அதையே சாதாரண பைத்தான் கோப்பில் எழுதினால் 1 வரும், ஏனென்றால் பைத்தானில் அந்தக் குறிக்கு அடுக்கு என்று பொருளே இல்லை. பைத்தானில் 2/3 தசமமாகவும் மாறிவிடும். திரையில் சோதித்த வரிகளைக் கோப்புக்கு மாற்றும்போது இந்த இரண்டையும் தேடித் திருத்துங்கள்.

ஜோன்ஸ், கோவனோவ், அவற்றின் மரபுக் குழப்பம்

வான் ஜோன்ஸ் 1984இல் கண்டுபிடித்த பல்லுறுப்புக்கோவை பிம்பத்தைப் பெரும்பாலும் பிரிக்கும், அலெக்சாண்டர் பிரிக்கவே பிரிக்காது. வலக்கை டிரெஃபாயிலுக்கு த + த³ − த⁴, இடக்கைக்கு அதே கோவை எதிர்மறை அடுக்குகளோடு. சரி, உங்கள் மென்பொருளில் 1, 1, 1 என்ற பின்னல் வலக்கையா இடக்கையா? அதை யாரிடமும் கேட்க வேண்டாம், ஜோன்ஸ் கேட்டு அடுக்குகளின் குறியைப் பாருங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளிலும் இதை முதல் நாளே செய்து குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். சிக்னேச்சரும் அப்படித்தான், வலக்கை டிரெஃபாயிலுக்கு −2 என்பவர்களும் உண்டு, 2 என்பவர்களும் உண்டு. மாறியும் இடத்துக்கு இடம் மாறும்: காஃப்மன் அடைப்பு (ஜோன்ஸைக் கணக்கிடும் ஒரு வழி) வழியாக வந்த விடையில் இருப்பது வேறு மாறி, அதன் −4ஆம் அடுக்குதான் நம் த. சில நிரல்களில் தவின் வர்க்கமூலம்தான் மாறியாக இருக்கும்.

விடை சரியா என்று பார்க்க மூன்று மலிவான சோதனைகள் உண்டு, எல்லாவற்றையும் தானாக ஓடும்படி வையுங்கள். முடிச்சின் அலெக்சாண்டரில் த = 1 போட்டால் 1 அல்லது −1 வர வேண்டும். ஜோன்ஸில் த = 1 போட்டால் 1 வர வேண்டும். இரண்டிலும் த = −1 போட்டால் குறி போக ஒரே எண், டிட்டர்மினண்ட், வர வேண்டும், அது ஒற்றைப்படையாகவும் இருக்க வேண்டும். உள்ளீட்டில் ஒரு எண் தவறி முடிச்சுக்குப் பதில் இரண்டு வளையங்கள் கொண்ட பிணைப்பாக மாறியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஜோன்ஸைக் கணக்கிடுவது பொதுவாகக் கடினம் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். நேரடி முறையில் ஒவ்வொரு கிராசிங்கும் கணக்கை இரட்டிப்பாக்கும்: 10 கிராசிங்குக்கு 1,024 நிலைகள், 20க்குப் பத்து லட்சத்துக்கு மேல், 40க்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். நல்ல நிரல்கள் படத்தை ஒரு பக்கத்திலிருந்து வருடிக்கொண்டே போய் அவ்வப்போது சுருக்கிக்கொள்கின்றன, கோவனோவ் ஹோமாலஜிக்கு பார்-நாட்டன் கொண்டுவந்த வழியும் அந்த வகைதான். அப்போது கிராசிங் எண்ணிக்கையைவிடப் படத்தின் அகலம்தான் முக்கியம். ஆகவே பெரிய முடிச்சைக் கொடுக்கும் முன் ஸ்னாப்பையின் எளிமையாக்கும் கட்டளையை, குளோபல் என்ற தேர்வோடு, ஒரு முறை ஓட்டுங்கள். 60 கிராசிங் படம் 25க்கு இறங்கினால் நடக்காத கணக்கு நடக்கிற கணக்காகிவிடும்.

இந்த வகைக் கணக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மேலே சொன்ன கான்வே முடிச்சே சாட்சி. அது ஸ்லைஸா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் திறந்தே கிடந்தது, ராஸ்முசனின் எஸ் இன்வேரியண்டும் (கோவனோவ் ஹோமாலஜியிலிருந்து வரும் ஒரு எண், ஸ்லைஸ் முடிச்சுக்கு 0) அதற்கு 0 என்றுதான் சொல்லும். லிசா பிச்சிரில்லோ என்ன செய்தார் என்றால், அதனோடு ஸ்லைஸ் விஷயத்தில் சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே விழும் இன்னொரு முடிச்சைக் கையால் கட்டினார், அந்த முடிச்சுக்கு எஸ் இன்வேரியண்டைக் கணினியில் போட்டார், அது பூச்சியம் இல்லை. 2020இல் கட்டுரை வெளியானது. யோசனை மனிதருடையது, கோவனோவ் ஹோமாலஜிக் கணக்கு கணினியுடையது. இந்தப் பங்கீடுதான் இந்தத் துறையில் நன்றாக வேலை செய்கிறது.

ஸ்னாப்பை சொல்வதை எப்படிப் படிப்பது

16 கிராசிங் வரையிலான 17 லட்சத்துச் சொச்சம் முடிச்சுகளில் 32 மட்டுமே ஹைபர்போலிக் அல்லாதவை. 12 டோரஸ் முடிச்சுகள், 20 டிரெஃபாயிலின் சாட்டிலைட்டுகள் (டிரெஃபாயில் வடிவக் குழாய்க்குள் ஓடும் முடிச்சுகள்). ஹோஸ்ட், திசில்வெயிட், வீக்ஸ் மூவரும் 1998இல் வெளியிட்ட அட்டவணையின் கணக்கு இது. ஆகவே உங்கள் கையில் எதேச்சையாக வந்த முடிச்சு ஹைபர்போலிக்காகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஸ்னாப்பை முடிச்சை நீக்கிய மீதி வெளியை நான்முகிகளாக வெட்டி, அவற்றின் வடிவச் சமன்பாடுகளைத் தீர்க்கும். எட்டு வடிவ முடிச்சுக்கு இரண்டே நான்முகிகள், கன அளவு 2.0298832128.

கன அளவைப் பார்க்கும் முன் தீர்வு வகை என்ன என்று கேளுங்கள். எல்லா நான்முகிகளும் நேர்த்திசை என்று வந்தால் நிம்மதி. எதிர்த்திசை நான்முகிகள் இருக்கின்றன என்று வந்தால் ராண்டமைஸ் கட்டளையால் வேறு முக்கோணமாக்கலுக்கு மாறி மறுபடி பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்பத் திரும்பக் குலைந்த நான்முகிகள் என்றே வந்து கன அளவும் பூச்சியத்தை ஒட்டி நின்றால் முடிச்சு ஹைபர்போலிக் இல்லையோ என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், நிரூபணம் அல்ல.

தசம இடங்கள் பத்தும் ஒத்துப்போனால் ஒரே முடிச்சா? 5_2இன் கன அளவு 2.8281220883. (−2, 3, 7) பிரெட்செல் முடிச்சின் கன அளவும் 2.8281220883. இரண்டும் உண்மையிலேயே சமம், முடிச்சுகள் வேறு. 5_2இன் அலெக்சாண்டர் கெழுக்கள் 2, −3, 2. பிரெட்செல்லுக்கு 1, −1, 0, 1, −1, 1, −1, 1, 0, −1, 1. எண் கோட்பாடு படித்தவர்களுக்கு இது லேமரின் பல்லுறுப்புக்கோவையில் மாறியின் குறியை மாற்றியது என்று உடனே பிடிபடும். தொடக்கத்தில் பார்த்த 5_1, 10_132 ஜோடியில் பல்லுறுப்புக்கோவை தோற்றது, கன அளவு வென்றது, இங்கே தலைகீழ்.

ஒரே முடிச்சுதான் என்று காட்ட வேண்டுமானால் கன அளவை விட்டுவிட்டு இரண்டு வெளிகளும் ஐசோமெட்ரிக்கா (தூரங்கள் மாறாமல் ஒன்றோடொன்று பொருந்துமா) என்ற கட்டளையைக் கொடுங்கள். கார்டன்-லூக் தேற்றத்தின்படி (1989) முடிச்சின் வெளி முடிச்சைத் தீர்மானிக்கிறது, பிம்பத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். பல வளையப் பிணைப்புகளுக்கு இந்தத் தேற்றம் பொருந்தாது, மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டளையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆம் என்று விடை வந்தால் அது முழு நிரூபணம், ஏனெனில் முக்கோணமாக்கல்கள் துண்டுக்குத் துண்டு பொருந்துவதைக் கணினி கண்டுவிட்டது. இல்லை என்று வந்தால் அப்படி அல்ல, தசமப் பிழையால் தவறான நியம முக்கோணமாக்கல் கிடைத்திருக்கலாம். பல்லுறுப்புக்கோவையில் "வேறு" என்பது நம்பகமான விடை, இங்கே "ஒன்று" என்பதுதான் நம்பகமான விடை. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். "இல்லை"யை வைத்தே தேற்றம் எழுதியாக வேண்டும் என்றால் சேஜின் உள்ளிருந்து சரிபார்க்கப்பட்ட ஐசோமெட்ரி கையொப்பத்தைக் கேளுங்கள், அது இடைவெளி எண்கணிதத்தில் பிழை எல்லையோடு ஓடும்.

மியூட்டண்ட் முடிச்சுகள் (ஒன்றின் ஒரு பகுதியை வெட்டித் திருப்பி ஒட்டினால் மற்றது கிடைப்பவை) கையில் வந்தால் தனி ஜாக்கிரதை வேண்டும். கான்வே முடிச்சுக்கும் கினோஷிட்டா-டெராசாக்கா முடிச்சுக்கும் அலெக்சாண்டர் 1, ஜோன்ஸ் ஒன்று, கன அளவும் ஒன்றே, 11.219 சொச்சம். ஸ்னாப்பையில் இவை கே11என்34, கே11என்42 என்ற பெயர்களில் இருக்கின்றன. பிணைப்பாக எடுத்து நாட் ஃப்ளோயர் ஹோமாலஜி கேளுங்கள், சோல்டான் சாபோவின் நிரல் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. வரும் விடையில் சீஃபர்ட் ஜீனஸ் (முடிச்சை விளிம்பாகக் கொண்ட பரப்புக்குக் குறைந்தது எத்தனை துளை வேண்டும் என்பது) என்ற இடத்தைப் பாருங்கள்: முதலாவதற்கு 3, இரண்டாவதற்கு 2. ஃபைபர்டா, டவ் (இன்னொரு எண் இன்வேரியண்ட்) எவ்வளவு என்பதெல்லாம் அதே விடையில் கூடவே வரும். முந்நூறு கிராசிங் வரைகூட இது பல நேரம் சளைக்காமல் ஓடும், புதிய முடிச்சு எது வந்தாலும் நான் இதைத்தான் சீக்கிரமே கேட்டுவிடுவேன்.

முடிச்சே இல்லை, வெறும் வளையம்தான் என்று சந்தேகம் வந்தால் அலெக்சாண்டர் 1 என்பது பயன்படாது. ஜோன்ஸ் 1 என்றால் வளையம்தானா என்பது இன்றும் திறந்த கேள்வி, 24 கிராசிங் வரை சரிபார்த்திருக்கிறார்கள். கோவனோவ் ஹோமாலஜி நிச்சயமாகக் கண்டுபிடிக்கும் என்று கிரான்ஹைமரும் மிரோவ்காவும் நிரூபித்திருக்கிறார்கள். ரெஜினாவில் வெளியைக் கொடுத்துத் திட டோரஸா என்று கேட்பதும் முழு நிரூபணம்தான்.

ஆயிரக்கணக்கில் ஓட்டும்போது

முதலில் நாட்இன்ஃபோ தரவுத்தளத்தில் உங்கள் கணக்கு ஏற்கனவே இருக்கிறதா பாருங்கள். 12 கிராசிங் வரையிலான 2,977 முடிச்சுகளுக்கும் பெரும்பாலான இன்வேரியண்டுகள் அங்கே பட்டியலாக இருக்கின்றன, சேஜில் ஒரு கூடுதல் தொகுப்பாகவும் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் நிரலை முதலில் இந்த 2,977இலும் ஓட்டி ஒப்பிட்டு, எல்லாம் ஒத்துப்போன பிறகே புதிய முடிச்சுகளுக்குப் போங்கள். ஒத்துப்போகாத இடங்கள் எல்லாம் பிம்பம் மாறியவையாக இருந்தால் மரபுப் பிரச்சினை, அங்கங்கே சிதறி இருந்தால் நிரல் பிரச்சினை.

பெரிய ஓட்டத்தில் ஒரு முடிச்சு முடிந்ததும் அந்த வரியை உடனே கோப்பில் எழுதிவிடுங்கள்: பெயர், பிடி குறியீடு, விடை, எடுத்த நேரம். எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்துவைத்துக் கடைசியில் எழுதலாம் என்று இருந்தால், நள்ளிரவில் ஒரு முரட்டு முடிச்சு நினைவகத்தைத் தின்று மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர வரம்பு வையுங்கள், தாண்டியதைத் தனிக் கோப்பில் ஒதுக்குங்கள். கடைசியில் சுவாரசியமானவை அந்த ஒதுக்கிய கோப்பில்தான் அடிக்கடி கிடைக்கும்.

தேடலால் தேற்றம் வருமா என்று கேட்பவர்களுக்கு மார்க் பிரிட்டன்ஹாமும் சூசன் ஹெர்மில்லரும் 2025இல் வெளியிட்டதைக் காட்டலாம். 7_1ஐ அவிழ்க்க மூன்று கிராசிங் மாற்றங்கள் வேண்டும், அதன் பிம்பத்துக்கும் மூன்று. இரண்டையும் ஒட்டினால் ஆறு வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஐந்தே போதும் என்று அவர்கள் காட்டினார்கள். பெரும் கணினித் தேடலில் கிடைத்தது அந்த வழி. ஆனால் கிடைத்த பிறகு, எந்தக் கிராசிங்கை எப்போது மாற்றுவது என்று படிப்படியாகச் சொல்ல முடிவதால், தேடிய நிரலை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் தேடலையும் முடிந்தவரை இப்படி அமையுங்கள். கணினி வெறும் "ஆம்" சொல்லிவிட்டுப் போகாமல், மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய ஒரு சான்றைத் துப்பும்படி.

கட்டுரையில் என்ன எழுதுவது

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த மரபு என்று ஒரு பத்தி. வலக்கை டிரெஃபாயிலுக்கு உங்கள் ஜோன்ஸும் சிக்னேச்சரும் என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டால் மரபு விளக்கம் மொத்தமும் அதில் அடங்கிவிடும். முடிச்சுகளைப் பெயரால் மட்டும் சொல்லாமல் பிடி குறியீடோடு கொடுங்கள். எந்த விடை முழு எண்களில் துல்லியமாக வந்தது, எது பிழை எல்லையோடு சரிபார்க்கப்பட்டது, எது வெறும் தசமத் தோராயம் என்று பிரித்துச் சொல்லுங்கள், நடுவர்கள் முதலில் குடைவது இங்கேதான். நிரலையும் தரவுக் கோப்பையும் இணைப்பாக வையுங்கள். அனுப்பும் முன் ஒரு முறை, வேறொரு கணினியில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, கட்டுரையில் உள்ள அட்டவணை அப்படியே திரும்ப வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.